பச்சை மையில் ஒரு ‘பெர்’

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ‘வார்தா’ என்ற செய்தித் தாள் வராவிட்டால் இந்தோனேசியாவின் சோலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. முன்னும் பின்னுமாக அச்சடித்த அந்த ஒற்றைத் தாளை ஆசிரியர்கள் கையில் வாங்குவார்கள். தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டுவார்கள். பட்டமெல்லாம் ஒன்று விடாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதன்மேல் காப்பித் தம்ளரை வைப்பார்கள். பத்தொன்பது வருடமாக இதையே பார்த்து வினார்சிக்குக் காப்பிக் கறையைக் கண்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

வினார்சிக்கு வயது நாற்பத்தேழு. துறை அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். ‘ஆறு மாசத்துக்கு மட்டும்’ என்று சொல்லித்தான் இருபத்தெட்டு வயதில் எடுத்தார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவாள், மறுபடி ஒரு வருடம் ஓடும். கணவர் சுகிர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ‘உன் வேலை என்ன வேலை?’ என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் ‘பல்கலைக்கழகம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுடைய வாரம் வியாழக்கிழமை தொடங்கும். அன்றைக்கு வார்தாவுக்காக ஒவ்வொரு அறையாகப் போய்ச் செய்தி கேட்க வேண்டும். எட்டு மாதம் வாயைத் திறக்காத ஆசிரியர் ஒருவர், ‘பாலித் தீவு மாநாட்டுக்குப் போனேனே, ஏன் போடலை?’ என்று அப்போதுதான் சண்டைக்கு வருவார். ஒருவருக்குப் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் மூன்று. வரிசை மாறினால் அந்த வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். ‘டாக்டர்’ என்பதன் முதல் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் அங்கே ஊசி போடுகிற டாக்டர் என்று அர்த்தம். பெரியதாகப் போட்டால்தான் ஆராய்ச்சிப் பட்டம். ஒரே ஒரு முறை அதில் விரல் தவறியதற்குத் துறைக் கூட்டத்தில் இருபது நிமிடம் விவாதம் நடந்தது. மூன்றாம் ஆய்வகத்தின் ஏசி ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற செய்தி இரண்டு வருடமாக வாராவாரம் வந்தது. அதைப் பற்றி ஒருவரும் விவாதிக்கவில்லை.

புதன்கிழமை ஒரு மணிக்குக் கருத்தரங்கு. அதற்கும் அவள்தான் நாற்பது சிற்றுண்டிப் பெட்டி சொல்ல வேண்டும். கோழி வைத்த சோற்று உருண்டை, ரிசோல் என்கிற பொரித்த சுருள், ஒரு சின்னத் தண்ணீர்க் கோப்பை. கேட்பவர்கள் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெட்டி மட்டும் நாற்பதும் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பச்சை மை.

துறைச் செயலாளர் டாக்டர் விஸ்னுப்ரோதோ ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து தாய்மொழியைக் காப்பாற்றும் பொறுப்பைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வார்தாவின் மாதிரித் தாள் அவர் மேசைக்குப் போக வேண்டும். சிவப்பு மை மாணவர்களுக்கு என்பதால் இதற்குப் பச்சை. எளிய சொல் எதைக் கண்டாலும் அடிப்பார், உயர்ந்த சொல்லாக மாற்றுவார், மூலையில் சுருக்கொப்பம் போடுவார். செயலாளரான முதல் வருடமே ஒரு தடவை, தான் செய்த திருத்தத்தைத் தான் செய்யவே இல்லை என்று சாதித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பச்சைத் தாளையும் வினார்சி தேதி போட்டுக் கோப்பில் வைக்கிறாள்.

அவர் போட்ட விதிகளும் உண்டு. அவற்றில் ஒன்று, பின்பக்கம் காலியாக எந்தத் தாளும் துறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது. செய்தி குறைந்த வாரங்களில் நோன்பு நேரப் பட்டியல், மின்தடை அறிவிப்பு என்று எதையாவது போட்டு அவள் பின்பக்கத்தை ரொப்புவாள்.

இந்த வருடம், நீண்ட நாள் ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்குவது என்று அரசாங்கம் ஒருவழியாக முடிவு செய்தது. ஒரே ஒரு தடவைதான், அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. வினார்சி பத்தொன்பது வருடம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தாள், எழுத்தில் ஒரு கண்டனமும் வாங்கியதில்லை என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். தலைவர் கையெழுத்துக்கு முன்னால் செயலாளரின் சுருக்கொப்பம் வேண்டும். கடிதத்தை வினார்சியே தட்டச்சு செய்து விஸ்னுப்ரோதோவின் தட்டில் வைத்து ஒன்பது நாளாகிவிட்டது. அது அதே தட்டில்தான் கிடந்தது.

அந்தப் புதனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாதிரித் தாளோடு போனபோது அவள் கண் முதலில் தேடியது அந்தக் கடிதத்தைத்தான். அவருடைய முழங்கை அதன்மேல் ஊன்றியிருந்தது.

“இபு வினார், இது என்ன ‘பூலாங்’?” என்று பேனா முனையால் ஒரு வரியைத் தட்டினார். அங்கே மரியாதைக்குரிய பெண்ணை இபு என்பார்கள், ஆணைப் பாக் என்பார்கள்.

துறையின் மூத்த பேராசிரியர் சுர்யாத்மோ ஜப்பானில் செண்டாய் நகரத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு அன்று காலைதான் வந்திறங்கியிருந்தார். அவர் திரும்பி வந்தார் என்பதற்கு வினார்சி ‘பூலாங்’ என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு வருவதற்கு எல்லோரும் சொல்கிற சொல்.

“பேராசிரியர் என்ன காய்கறி வாங்கப் போயிட்டு வந்தாரா? கொஞ்சம் உசத்தியா எழுத வேணாமா?”

“எப்படி எழுதணும், பாக்?”

அவர் பூலாங்குக்கு முன்னால் பச்சையாக ஒரு ‘பெர்’ சேர்த்தார். பெர்பூலாங் என்றால், நம் பேச்சில் ஒருவர் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்கிறோமே, அந்தச் சேர்தல்.

“பாக், இப்படிப் போட்டா... அவர் காலமாயிட்டார்னு ஆகாதுங்களா?”

“அகராதியத் திறந்து பாத்திருக்கீங்களா? மொத அர்த்தம் திரும்பி வர்றது. நீங்க சொல்றது ரெண்டாவது. பதினாலு வருஷம் வெளிநாட்டுல இருந்த நான் அகராதி பாக்கறேன். இங்கயே பொறந்து வளந்த நீங்க பாக்கறதில்ல.”

“யாரும் அகராதியப் பக்கத்துல வச்சுக்கிட்டு வார்தா படிக்க மாட்டாங்களே, பாக்.”

“அப்ப இனிமே பழகிக்கட்டும். அப்புறம், இதை ஏன் கீழ போட்டிருக்கீங்க? மேல கொண்டு போங்க. பெரிய எழுத்து, சுத்தி ஒரு கட்டம்.” சொன்னதையும் பச்சையில் குறித்தார்.

வார்தாவில் கட்டம் கட்டினால் அது இரங்கல் செய்தி. ஆறு வருடமாக வாராவாரம் பச்சை மை தெளிக்கிறவருக்கு அது தெரியவில்லை. சொற்களை மட்டும் பார்ப்பார், தாளைப் பார்க்க மாட்டார். அதைச் சொல்லத்தான் வினார்சி வாயெடுத்தாள். ஆனால் வேறொன்றுதான் வெளியே வந்தது.

“பாக், என்னோட அந்தக் கடிதம்...”

“எந்தக் கடிதம்? ஓ, அதுவா. தலைவரே திங்கட்கிழமைதானே ஜகார்த்தாவுலருந்து வர்றாங்க. பாக்கலாம்.” மூலையில் சுருக்கொப்பம் போட்டுத் தாளை நீட்டினார்.

இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழங்கைக்கு அடியில் அவளுடைய மிச்ச வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கும்போது இலக்கணம் பேசி அவரைச் சீண்டுவானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்காகப் பிற்பாடு அவரைத் திட்டியதைவிடத் தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள்.

பெரிய எழுத்தில் போட்டதால் ‘செண்டாயிலிருந்து’ என்பது முதல் வரியில் அடங்காமல் கீழே போனது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் துறையின் வாட்ஸாப் குழுவில் வார்தா ஏறியது. கைபேசியின் திரையில் முதல் வரி மட்டும் தெரியும். பேராசிரியர் டாக்டர் சுர்யாத்மோ போய்ச் சேர்ந்தார், சுற்றிக் கறுப்புக் கட்டம். ஏழு நாலுக்கு முதல் இரங்கல் வந்தது. பிறகு கைகூப்பிய படங்களாகக் கொட்டின. ஏழரைக்குள் அறுபத்தொன்று. திறந்து இரண்டாவது வரியைப் படித்தவர் ஒருவரும் இல்லை. பத்தொன்பது வருடமாக வார்தாவை யாரும் படிப்பதில்லை என்று வினார்சி சொல்லி வந்ததற்கு அன்றைக்குத்தான் எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைத்தது.

நாற்பத்து மூன்றாவது இரங்கல் விஸ்னுப்ரோதோவுடையது. ‘ஒரு மாமேதையை இழந்தோம்’ என்று நான்கு வரி. மற்றவர்கள் போட்டதைப் பார்த்துத் தூக்கக் கலக்கத்தில் நம்பிவிட்டார் போலிருக்கிறது. எட்டு மணிக்கு அதை அழித்தார். அதற்குள் ஆய்வகத்துத் தர்சோ படம் பிடித்து வைத்துவிட்டான்.

ஒன்பது மணிக்குப் பேராசிரியர் வீட்டு வாசலில் மூன்று இரங்கல் மலர்ப் பலகைகள் நின்றன. ஆளுயரத்துக்குப் பூவால் எழுதி, அனுப்பியவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பலகைகள். வாசல் கதவைத் திறந்த பேராசிரியரின் மனைவி கணவர் பெயரைப் பூவில் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் பயணக் களைப்பு இன்னும் தீராமல் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கைலியோடு வெளியே வந்து மூன்று பலகையையும் நிதானமாகப் படித்தார். பிறகு அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

“இபு வினார், நான்தான் சுர்யாத்மோ.”

வினார்சி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

“நான் எந்தக் கிழமை போனதா வார்தாவுல இருக்கு?”

“வெள்ளிக்கிழமை, பாக்.”

“வெள்ளிக்கிழமை நல்ல நாள்தான். வேதியியல் துறைப் பலகை வந்திருக்கு. கணிதத் துறைப் பலகை வந்திருக்கு, அதுல பூ கொஞ்சம் கம்மி. நம்ம துறைப் பலகைய மட்டும் இன்னும் காணோம். நாப்பது வருஷம் அங்க வேலை பாத்திருக்கேன், இபு.”

அவர் அதோடு விட்டிருப்பார். விடாதவர் அவருடைய மைத்துனர். பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர். ‘எங்க அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் பொறுப்பு? யார் இதைச் செஞ்சாங்கன்னு எழுத்துல வேணும்’ என்று பதினோரு மணிக்குக் கேட்டுவிட்டார். எழுத்தில் ஒரு பெயர் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், அந்தப் பெயர் கீழே இருப்பவருடையதாகத்தான் இருக்கும்.

மதியம் துறைத்தலைவர் ரெத்னானிங்கின் அறை. ஜகார்த்தாவிலிருந்து வந்த பெட்டியைக்கூட அவர் இன்னும் திறக்கவில்லை.

“தட்டச்சுப் பிழை, இபு,” என்றார் விஸ்னுப்ரோதோ. “கவனமா இருக்கச் சொல்லிப் பல தடவை சொல்லியாச்சு.”

தலைவர் வினார்சியைப் பார்த்தார். “என்ன ஆச்சு, இபு வினார்?”

அவள் வாயைத் திறந்தாள். விஸ்னுப்ரோதோவின் மடியில் ஒரு கோப்பு இருந்தது, அதன் ஓரத்தில் அவளுடைய கடிதத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரியை அவர் முகத்துக்கு நேராகப் பொய்யர் என்று சொல்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. அவள் வீட்டிலும் கிடையாது. “மன்னிச்சிடுங்க” என்றாள். சொன்ன மறுகணமே அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க முடியாதா என்றிருந்தது.

“சரி. நாளைக்கு ஒரு திருத்தத் தாள் போடுங்க. மேலருந்து கேக்கறாங்க, எழுத்துல ஏதாவது குடுத்துத்தான் ஆகணும்.”

“கண்டனக் கடிதத்த நானே தயார் பண்ணிடறேன், இபு,” என்றார் விஸ்னுப்ரோதோ, ஏதோ உதவி செய்கிறவர்போல.

வெளியே நடைவழியில் தர்சோ நின்றிருந்தான். ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன், அவளைவிட ஐந்து வயது இளையவன். அவளை ‘யு’ என்று கூப்பிடுவான், அக்கா என்று அர்த்தம்.

“யு, அந்தப் பச்சைத் தாளு எங்க?”

“கோப்புல.”

“எடுத்துட்டுப் போயி தலைவர் மேசைல போடு.”

“அவர் உக்காந்திருக்கறப்பவே எப்படிப்பா போடறது? பெரியவர்.”

“பெரியவரா? உன்னவிட மூணு வயசு கம்மி.”

“பதவி பெரிசாச்சே.”

“அப்ப சரி. ரிடையர் ஆகற வரைக்கும் நீ சின்னப் பொண்ணாவே இருந்துக்க.”

வினார்சி கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை விஸ்னுப்ரோதோ அவளைக் கூப்பிட்டு இரண்டு தாள் கொடுத்தார், இரண்டும் பச்சையில். ஒன்று திருத்த அறிவிப்பு. ‘தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. மற்றொன்று அவளுக்கான கண்டனக் கடிதம். அலுவலகத்தில் தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லை.

“பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டும் வேணும்,” என்றார்.

தன்மேல் போடப்படும் கண்டனத்தைத் தானே தட்டச்சு செய்து கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வினார்சி உட்கார்ந்து அடித்தாள். அதில் ஓர் இடத்தில் வினைமுற்று பொருந்தவில்லை, அதைச் சரிசெய்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை, அவற்றையும் சரிசெய்தாள். அவர் பெயரின் பட்டங்களைச் சரியான வரிசையில் போட்டாள். திருத்த அறிவிப்பை அடித்து, மாதிரித் தாள் எடுத்து, அவரிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு சொல்லை உயர்த்திவிட்டுச் சுருக்கொப்பம் போட்டார்.

அவள் நகரவில்லை.

“பாக், திருத்தம் ஒரு பக்கத்துலயே முடிஞ்சிருச்சு. பின்பக்கம் காலியா இருக்கு.”

அவர் தலையைத் தூக்கவே இல்லை. “விதி தெரியுமில்ல? எதையாவது போட்டு ரொப்புங்க. பழைய தாள்லருந்து ஏதாவது எடுத்துப் போடுங்க.”

“சரிங்க, பாக்.”

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பிறகு கோப்பைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைத் தாள் மேலேயே இருந்தது. வண்ண அச்சு இயந்திரம் தலைவரின் முன்னறையில் இருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும். பத்தொன்பது வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. அன்றைக்குப் போய்த் தொட்டாள். நூற்றிருபது பிரதி. முன்பக்கம் திருத்தம். பின்பக்கத்தில் ‘பழைய தாளிலிருந்து’ என்று சின்னத் தலைப்பு, அதன்கீழ் வெள்ளிக்கிழமை மாதிரி அப்படியே. அவள் எழுதிய பூலாங், அதன்முன் பச்சையாக நுழைந்த பெர், மேலே போகும் பச்சை அம்பு, ‘கட்டம் கட்டவும்’ என்ற பச்சைக் கட்டளை, மூலையில் சுருக்கொப்பமும் தேதியும். அந்தத் தலைப்பைத் தவிர அவள் தன் பங்குக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

பிரதிகளை அறை அறையாகக் கொடுத்துவிட்டு, பதினொன்று ஐம்பதுக்குக் குழுவிலும் ஏற்றினாள். அறுபத்தொரு இரங்கல் போட்ட அந்தக் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உடனே எடுத்துவிட்டார். ஆனால் இந்த முறை எல்லோரும் பின்பக்கம் வரைக்கும் படித்தார்கள். நடைவழியில் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டரைக்கு விஸ்னுப்ரோதோ அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“இது என்ன, இபு?”

“பின்பக்கம், பாக். பழைய தாள்லருந்து எடுத்துப் போடச் சொன்னீங்க.”

அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் கதவைத் தாண்டியதும் வினார்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடிதம் இன்னும் அவரிடம்தான் இருந்தது. நாளைக்கு நான்கு மணிவரை அவர் சும்மா இருந்தாலே போதும், அவள் கதை முடிந்தது.

புதன்கிழமைக் கருத்தரங்கில் பேசுகிறவர் சுர்யாத்மோ. எண்பது பேர் வந்தார்கள், வேதியியல்காரர்கள் உட்பட. செத்தவரைப் பார்க்க வந்த கூட்டம். நாற்பது பெட்டியும் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட, பெட்டி கிடைக்காதவர்கள் வினார்சியை முறைத்தார்கள். பேராசிரியர் மேடையேறித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான் போய்ச் சேந்த எடத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேன். அங்க குளிர் ஜாஸ்தி,” என்றார். அரங்கமே சிரித்தது. விஸ்னுப்ரோதோ எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். வினார்சி சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்து, கேள்வி முடிந்து, பதாகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படமும் எடுத்து முடிக்க மூன்று மணி தாண்டிவிட்டது.

மூன்று பத்துக்குத் தலைவர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் அருகருகே இருந்தன. வினார்சியின் கடிதமும் கண்டனக் கடிதமும். காலையில் ஆளனுப்பி இரண்டையும் செயலாளர் தட்டிலிருந்து எடுத்துவரச் செய்திருக்கிறார். அவற்றுக்கு மேலே திருத்தத் தாள், பின்பக்கம் தெரியும்படி.

“பாக் விஸ்னு, ரெண்டுலயும் உங்க சுருக்கொப்பம் இல்ல. நீங்க போடாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஆமா, இபு.”

“ஆனா ரெண்டையும் போட முடியாதே. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு இல்லைங்குது. எதுல போடறீங்கன்னு பாத்துச் சொல்லுங்க.”

தலைவரின் குரல் உயரவில்லை. திருத்தத் தாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை எடுத்து மேசைக் கண்ணாடியின்கீழ் செருக மட்டும் செய்தார். விஸ்னுப்ரோதோ பேனாவைத் திறந்தார். பேனா இரண்டு தாளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவளுடைய கடிதத்தின் பக்கம் போனது. மூலையில் இறங்கும் நேரத்தில் அவர் கண் வாசகத்தின்மேல் போய்விட்டது.

“இங்க ஒரு காற்புள்ளி வேணும்,” என்றார். “அப்புறம் இந்த ‘வேலை பார்த்தார்’ங்கறத...”

திருத்தினால் மறுபடி அடிக்க வேண்டும். மணி மூன்று இருபத்தைந்து. வினார்சிக்கு அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிய வேண்டும் போலிருந்தது.

“பாக் விஸ்னு,” என்றார் தலைவர்.

அவ்வளவுதான். விஸ்னுப்ரோதோ சுருக்கொப்பம் போட்டுப் பேனா மூடியை மாட்டினார். தலைவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். வினார்சி தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து, “இபு வினார், அந்த வண்ண அச்சு... இனிமே கேட்டுட்டுப் பண்ணுங்க,” என்று தலைவரின் குரல் வந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கணினி ‘பெறப்பட்டது’ என்று காட்டியது. தர்சோ தன் பெட்டியிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான்.

யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. ‘தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால்’ என்கிற முன்பக்கம் துறையின் ஆவணத்தில் அப்படியே இருக்கிறது, இனி எத்தனை வருடமானாலும் இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு காந்தும்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மாதிரித் தாள் பச்சையில் வரவில்லை. பென்சிலில் வந்தது. அதுவும் ரப்பர் வைத்தால் ஒரே இழுப்பில் போய்விடுகிற மாதிரி, மெல்லிசாக. மூலையில் சுருக்கொப்பமும் நின்றுபோயிற்று. வினார்சி ஒவ்வொரு பென்சில் கோட்டின்மேலும் தன் நீலப் பேனாவால் பொறுமையாக எழுதி, தேதி போட்டு, கோப்பில் வைத்தாள். அது தெரிந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஐந்தாம் மாதம் நிரந்தர நியமன ஆணை வந்தது. பத்தொன்பது வருடம் மற்றவர்கள் பெயரை அடித்தவள் வார்தாவில் முதல்முறையாகத் தன் பெயரை அடித்தாள், இரண்டே வரி. மாதிரித் தாள் திரும்பி வந்தபோது அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘பட்டம் எதுவும் இல்லாததால் சிறிய எழுத்து போதும்.’ அதன்மேலும் நீலத்தில் எழுதினாள், தேதி போட்டாள், கோப்பில் வைத்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வார்தா ஏறியது. எட்டு மணிக்கு விஸ்னுப்ரோதோ தாளோடு வந்தார்.

“இபு வினார், சின்ன எழுத்துல போடச் சொல்லிக் குறிச்சிருந்தேனே. எல்லாரோட அளவுலயே போட்டிருக்கீங்க.”

“பென்சில்ல இருந்துச்சா, பாக்?” என்றாள் வினார்சி. “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. பச்சைல எழுதியிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.”